கணினியின் மறதி
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில்)

மறதி ஒரு குறை என்றே நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தேர்வு அறையில் வாய்பாடு மறந்துபோனால் அழுகிறோம். குடையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுச் சென்றால் வீட்டில் ஏச்சு வாங்குகிறோம். ஆனால் மறக்க வேண்டியதை மறக்காமல் வைத்திருப்பதும் ஒரு குறைதான் என்பதை, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலையில் நாங்கள் நால்வரும் கண்டுகொண்டோம்.

கும்மிடிப்பூண்டியில் இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தாலும், அச்செடுக்க வேண்டுமானால் கணினி மையத்திற்குத்தான் போக வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கலந்தாய்வு விண்ணப்பம், ரயில் பயணச் சீட்டு என்று அங்கே எப்போதும் கூட்டம் இருக்கும். மாலை ஷிப்டு முடிந்தால் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அண்ணன்மார்களும் வந்துவிடுவார்கள். அவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அறிவியல் கண்காட்சிக்காகச் சில படங்களை அச்செடுக்கச் சென்ற எங்களுக்கு, அப்படி ஓர் அண்ணன் எழுந்து சென்ற இருக்கை கிடைத்தது. எங்கள் முகவரியைத் தட்டினோம், பக்கம் வந்தது, அது தவறான பக்கமாக இருக்கவே, எங்களில் ஒருத்தி பின்னோக்கிய அம்புக்குறியை இரண்டு மூன்று முறை அழுத்தினாள். திரையில் ஒரு சம்பளச் சீட்டு வந்து நின்றது.

பெயர், தகப்பனார் பெயர், வேலை செய்த நாள்கள், மிகைநேரக் கூலி, பிடித்தம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் திருடிகள் அல்லர்; ஆயினும் பிறர் வீட்டு அலமாரியைத் திறந்துவிட்டவர்கள் போல விழித்தோம். மையத்தை நடத்தும் அண்ணாவை அழைத்தோம். அவருக்குக் கோபம் வந்தது. “அவரு லாக் அவுட் பண்ணிட்டுத்தாம்மா எழுந்து போனாரு. நான் கண்ணால பார்த்தேன்” என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். உடனே சம்பளச் சீட்டு மறைந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முகப்புப் பக்கம் வந்துவிட்டது. “பார்த்தியா? லாக் அவுட் ஆகித்தான் இருக்கு!”

திங்கட்கிழமை இதை எங்கள் கணினி வகுப்பில் சிஸ்டரிடம் கூறினோம். அவர் சற்று யோசித்துவிட்டு, “கடைக்காரர் சொன்னது உண்மை. நீங்கள் கண்டதும் உண்மை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். அதன் பயனே இக்கட்டுரை.

முதலில் நாங்கள் வியந்த செய்தி ஒன்று உண்டு. இணையதளம் பிறவியிலேயே மறதி உடையது! ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்த அமைப்பில், ஒரு கணினி ஒரு பக்கத்தைக் கேட்கும்; மறுமுனையில் உள்ள சேவைக் கணினி, அதாவது ‘சர்வர்’, அதைக் கொடுக்கும்; அவ்வளவுதான். அடுத்த நொடியில் அதே ஆள் அடுத்த பக்கத்தைக் கேட்டால், இவர் சற்று முன் வந்தவர் என்று சர்வருக்குத் தெரியாது. நூல்கள், ஆய்வுத்தாள்கள் படிக்க அது போதும். கடையில் பொருள் வாங்கவோ வங்கிக் கணக்கைப் பார்க்கவோ அது போதாது. இந்தக் குறையைப் போக்க, 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மோன்டுல்லி என்பவர் ‘குக்கி’ என்னும் உத்தியைக் கொண்டுவந்தார்.

குக்கியை விளங்கிக்கொள்ள எங்களுக்குச் சிப்காட்டே உதவியது. எங்களில் ஒருத்தியின் தந்தை அங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறார். வாயிலில் அவருக்கு எண் பொறித்த ஒரு டோக்கன் தருவார்கள். அந்த எண்ணுள்ள லாக்கரில் தம் சட்டை, சாப்பாட்டு டப்பா, கைப்பேசி ஆகியவற்றை வைத்துவிட்டு உள்ளே போவார். லாக்கர் அறைக் காவலருக்கு யார் முகமும் நினைவில் இராது. டோக்கனைக் காட்டினால் லாக்கரைத் திறந்துவிடுவார். குக்கி என்பது அந்த டோக்கன். அதில் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண் இருக்கும்; அது நம் கணினியின் உலாவியில் தங்கும். லாக்கர் என்பது சர்வரின் நினைவகத்தில் நமக்கென ஒதுக்கப்பட்ட இடம். நாம் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரையுள்ள காலத்தை ‘அமர்வு’ என்கிறார்கள். ஷிப்டு என்று வைத்துக்கொண்டால் தவறில்லை.

ஷிப்டு முடிந்ததும் நடக்க வேண்டியவை இரண்டு. டோக்கனைத் திருப்பித் தர வேண்டும். லாக்கரைக் காலி செய்ய வேண்டும். சில இணையதளங்கள் முதலாவதை மட்டும் செய்கின்றனவாம். ‘வெளியேறு’ என்பதை அழுத்தியதும் உலாவியில் உள்ள குக்கி அழிந்துவிடும்; ஆனால் சர்வரில் லாக்கர் அப்படியே பூட்டிக் கிடக்கும். பார்ப்பவருக்கு வெளியேறிவிட்டது போலவே தோன்றும். அந்த எண்ணை முன்பே யாராவது நகலெடுத்து வைத்திருந்தால், அவர் நிதானமாக வந்து திறந்துகொள்ளலாம். எனவே சர்வரில் உள்ள அமர்வையும் அழித்தால்தான் அது உண்மையான வெளியேற்றம். நாங்கள் கண்ட நிகழ்ச்சியில் இந்தப் பிழை இல்லை. கடைக்கார அண்ணா பக்கத்தைப் புதுப்பித்தபோது சர்வர் சரியாகவே மறுத்துவிட்டது. சர்வர் மறந்துவிட்டது. மறக்காமல் இருந்தது நம் எதிரில் இருந்த கணினியே.

இங்கேதான் ‘கேஷ்’ வருகிறது. இந்தச் சொல்லைக் கேட்டதும் கடைக்கார அண்ணா, பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று எண்ணிவிட்டார். இது வேறு, ‘ஒளித்து வை’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு முறை பெற்ற பக்கத்தையும் படத்தையும் உலாவி தன்னிடமே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. மீண்டும் தேவைப்பட்டால் தொலைவில் உள்ள சர்வரிடம் போகாமல் கையிலிருப்பதைக் காட்டிவிடும். சமையலறையில் உப்பு தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடாமல் அம்மா ஒரு ஜாடியில் வைத்துக்கொள்வது போன்றதே. பின்னோக்கிய அம்புக்குறியோ இதற்கும் ஒரு படி மேல். இன்றைய உலாவிகள் நாம் விட்டுச் சென்ற பக்கத்தை முழுமையாக, அப்படியே உறைய வைத்து நினைவகத்தில் வைத்திருக்கின்றன. அம்பை அழுத்தினால் சர்வரைக் கேட்காமலே அதை எடுத்து நிறுத்துகின்றன. வேகத்துக்காகச் செய்த நன்மை. வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்தும் கணினியில் அதனால் தீங்கில்லை. நாளொன்றுக்கு நாற்பது பேர் உட்கார்ந்து எழும் நாற்காலியில் நிலைமை வேறு.

இதற்கு மருந்து இணையதளத்தை எழுதுபவர்களிடம் இருக்கிறது. பக்கத்தை அனுப்பும்போதே அதன் தலைப்பில் ‘நோ-ஸ்டோர்’ என்று ஒரு கட்டளை சேர்க்கலாம். ‘இதை எங்கும் சேமிக்காதே’ என்பது பொருள். இதனுடன் பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு கட்டளை ‘நோ-கேஷ்’. பெயரைப் பார்த்தால் ‘கேஷில் வைக்காதே’ என்று சொல்வது போலிருக்கிறது. ஆனால் உண்மைப் பொருள் ‘வைத்துக்கொள், காட்டுமுன் சர்வரிடம் ஒரு முறை கேள்’ என்பதாம். பெயர் வைத்தவர் எங்கள் தமிழ் ஆசிரியையிடம் படித்திருந்தால் இப்படிப் பொருட்பிழை செய்திருக்கமாட்டார் என்று நாங்கள் சிரித்தோம். ‘கிளியர்-சைட்-டேட்டா’ என்று மற்றொரு கட்டளையும் உண்டு. வெளியேறும்போது சர்வர் இதை அனுப்பினால், அந்தத் தளத்தின் குக்கி, கேஷ் முதலியவற்றை உலாவி தானே துடைத்துவிடும்.

சிஸ்டர் எங்களுக்காகப் பள்ளி ஆய்வகத்தில் ‘பிஎச்பி’ மொழியில் ஒரு சிறு தளம் அமைத்துத் தந்தார். பெயர் கொடுத்து உள்ளே போனால் ஒரு பொய் மதிப்பெண் பட்டியல் வரும் (நாங்கள் எல்லாவற்றிலும் நூறு போட்டுக்கொண்டோம்). பிஎச்பி மொழியில் அமர்வைத் தொடங்கினாலே ‘நோ-ஸ்டோர்’ கட்டளை தானாகச் சென்றுவிடும். முதல் சோதனைக்காக அதை வேண்டுமென்றே நீக்கினார். வெளியேறினோம், அம்பை அழுத்தினோம், நூறு மதிப்பெண் திரும்பி வந்தது. கட்டளையைச் சேர்த்து மறுபடி செய்தோம். இம்முறை முகப்புப் பக்கமே வந்தது. அந்த ஒரே ஒரு வரியால் ஒரு மனிதரின் சம்பளம் அடுத்தவர் கண்ணுக்குப் படாமல் காக்கப்படுகிறது. அந்த வரி விடுபட்டதைக் கண்டுபிடிக்க நான்கு சிறுமிகள் தவறான பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

இது உலாவியின் கதை. சர்வரின் கதை இன்னும் சுவையானது.

எல்லாரும் ‘வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டா போகிறார்கள்? பெரும்பாலோர் சன்னலை மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மின்சாரம் போய்விடுகிறது, ரயில் பொன்னேரியைத் தாண்டும்போது கைப்பேசியில் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆள் போய்விட்டார் என்று சர்வருக்குச் சொல்ல யாரும் இல்லை. எனவே அது கடிகாரத்தைப் பார்க்கிறது. இத்தனை நிமிடம் ஓசையில்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டுகிறது. தட்கல் சீட்டு எடுக்க உட்கார்ந்து, விவரங்களை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே ‘அமர்வு முடிந்தது’ என்று வந்து தலையில் கை வைத்துக்கொள்ளும் தந்தையர் பலருக்கு இது பழக்கமானதுதான். டாம்கேட் என்னும் ஜாவா சர்வர் அடிப்படை அமைப்பில் 30 நிமிடம் காத்திருக்கிறது. பிஎச்பி 1,440 நொடி, அதாவது 24 நிமிடம் வைத்திருக்கிறது.

ஆனால் 24 நிமிடம் ஆனதும் குப்பை தானாக அகன்றுவிடுகிறதா? இல்லை! யாராவது பெருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெருக்கினால் வேகம் குறையும் என்பதால், பிஎச்பி அடிப்படை அமைப்பில் அமர்வைத் தொடங்கும் ஒவ்வொரு கோரிக்கையின் போதும் நூற்றில் ஒரு வாய்ப்பாகத்தான் துடைப்பத்தை எடுக்கும். இதை அறிந்ததும் எங்களுக்குக் கணக்குப் பாடத்தின் நிகழ்தகவு நினைவுக்கு வந்தது. நூறு பேர் வந்தால் ஒரு முறையாவது நிச்சயம் பெருக்கியிருக்கும் என்று நாங்கள் முதலில் நினைத்தோம். அது தவறு. ஒரு கோரிக்கையில் பெருக்காமல் இருப்பதற்கான நிகழ்தகவு 99/100. நூறு கோரிக்கையிலும் பெருக்காமல் இருப்பதற்கு 0.99-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.366. அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேலான வாய்ப்பில், நூறு பேர் வந்து போன பின்னும் பழைய அமர்வுகள் அப்படியே கிடக்கும். நாள் ஒன்றுக்குப் பத்துப் பேர் வரும் ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் தளத்தில் பழைய அமர்வுக் கோப்புகள் நாள் கணக்கில் கிடக்கக்கூடும். ஆகவேதான் பொறுப்புள்ளவர்கள் இதைத் தற்செயலுக்கு விடாமல், குறித்த நேரத்தில் துடைக்கும்படி தனி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள்.

துடைக்காவிட்டால் இரு கேடுகள். ஒன்று இடநெருக்கடி. ஓர் அமர்வுக்கு 100 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். கலந்தாய்வு நாளில் 10,000 பேர் வந்து, பார்த்து, சன்னலை மூடிவிட்டுப் போனால், ஆளே இல்லாத லாக்கர்கள் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டை அடைத்துக்கொள்ளும். அடுத்த ஷிப்டுக்கு வருபவர்களுக்கு லாக்கர் இல்லை. தளம் திணறி நின்றுவிடுகிறது. பத்தாயிரத்து ஒன்றாவதாக வந்த மாணவி ஒருத்திதான் அந்தத் துன்பத்தை அனுபவிக்கிறாள். கேட்பாரற்ற நினைவகத்தைக் கணினியே தேடித் துடைக்கும் முறையை ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் 1959-ஆம் ஆண்டு வாக்கிலேயே லிஸ்ப் மொழிக்காகக் கண்டுபிடித்துவிட்டார். ஆயினும் அந்தத் துப்புரவாளர், யாரும் உரிமை கொண்டாடாத பொருளை மட்டுமே எடுப்பார். ஏதோ ஒரு பட்டியலில் அந்த அமர்வின் பெயர் எழுதப்பட்டிருந்தால் ‘இது தேவைப்படுகிறது போலும்’ என்று விட்டுவிடுவார்.

மற்றொரு கேடு, ஒருவருடையது மற்றொருவருக்குப் போவது. பெரிய தளங்களில் அடிக்கடி கேட்கப்படுவனவற்றை வைக்கத் தனியாக ஒரு நினைவகக் கிடங்கே உண்டு. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003-ல் செய்த ‘மெம்கேஷ்ட்’, சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்ட ‘ரெடிஸ்’ ஆகியவை புகழ்பெற்றவை. மருந்துக் குப்பியில் காலாவதி நாள் இருப்பது போல இவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுட்காலம் குறிக்கலாம். ரெடிஸ் காலாவதியானதை யாராவது கேட்கும்போது பார்த்து நீக்கும். இடையிடையே சிலவற்றைக் குலுக்கல் போல எடுத்துப் பார்த்தும் நீக்கும்.

இத்தகைய ஏற்பாட்டில் 2023-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று நேர்ந்த பிழையை எங்களால் மறக்க முடியவில்லை. சாட்ஜிபிடி தளத்தில் சிலருக்குப் பிறருடைய உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. தளத்தையே நிறுத்திவிட்டுக் காரணத்தை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலை உணவகத்தின் சன்னலை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தோசை கேட்டுவிட்டு, மணி அடித்ததும் வாங்காமலே போய்விடுகிறார். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. தோசை வெளியே வருகிறது. அடுத்து நிற்பவர் பொங்கல் கேட்டவர். அவர் கையில் தோசை! அதற்குப் பின் வருபவருக்கு இவருடைய பொங்கல். இதைப் போலவே, சர்வருக்கும் ரெடிஸ் கிடங்குக்கும் இடையே பலர் பகிர்ந்துகொண்ட இணைப்பில், பாதியில் கைவிடப்பட்ட கோரிக்கையின் விடை துடைக்கப்படாமல் தங்கி, அடுத்தவருக்குப் போய்விட்டது. கட்டணம் செலுத்திய சந்தாதாரர்களில், குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் தளத்தைப் பயன்படுத்தியவர்களுள் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல், அட்டையின் கடைசி நான்கு எண் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அட்டையின் முழு எண் வெளிப்படவில்லை.

2015-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்திலும் கேஷ் தவறாக அமைக்கப்பட்டதால், ஒருவருக்குரிய பக்கம் பிறருக்குக் காட்டப்பட்டது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டனர். நாம் கண்ட சம்பளச் சீட்டு எவ்வளவு சிறியது! ஆனால் அந்தச் சீட்டுக்கு உரியவருக்கு அது சிறியது அன்று. ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து, இந்த மொழியும் தெரியாமல், ஒரே ஒரு வங்கிக் கணக்கை நம்பி மாதம் முழுவதும் உழைப்பவர் அவர்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். இணைய மையங்களுக்கென 2011-ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. வருபவரின் அடையாளத்தைப் பார்த்து, பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதி, ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்புச் சுவர் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நோக்கம் நிறைவேறிய பின் தனிநபர் விவரங்களை அழிக்க வேண்டும் என்கிறது. ஒன்று ‘நினைவில் வை’ என்கிறது, மற்றொன்று ‘மற’ என்கிறது என எங்களில் ஒருத்தி வாதிட்டாள். அப்படி இல்லை என்பதே எங்கள் கருத்து. யார் வந்தார் என்பது பதிவேட்டுக்கு; அவருக்கு எவ்வளவு சம்பளம் என்பது பதிவேட்டுக்கு அன்று.

இவ்வளவும் எழுதிய பின், சிஸ்டரின் அனுமதியோடும் எங்களில் ஒருத்தியின் தாயாரோடும் மீண்டும் அந்த மையத்திற்குப் போனோம். அண்ணா முதலில் முகம் சுளித்தாலும் பிறகு ஆவலாகவே கேட்டுக்கொண்டார். ஐந்து கணினிகளிலும் உலாவியை ‘விருந்தினர்’ முறையில் திறக்கும்படி அமைத்தோம். அந்த முறையில், திறந்த சன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் குக்கியும் கேஷும் பார்த்த பக்கங்களின் வரலாறும் அழிந்துவிடும். ஒவ்வோர் ஆள் எழுந்ததும் சன்னலை மூடுவது அண்ணாவின் பொறுப்பு. பதிவேட்டைப் பார்த்து அந்தத் தொழிலாளரையும் அவர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த ஞாயிறு அவர் வந்து கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு, எங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

ஆனால் நாங்கள் எதிர்பாராத ஒன்று அன்று அகப்பட்டது. உலாவி எல்லாவற்றையும் மறந்தாலும், ஒருவர் பதிவிறக்கிய கோப்பை அது அழிப்பதில்லை. அது ‘டவுன்லோட்ஸ்’ என்னும் உறையில் கிடக்கிறது. முதல் கணினியில் மட்டும் 61 கோப்புகள் இருந்தன. ஆதார் அட்டைகள், மதிப்பெண் பட்டியல்கள், ஒரு மருத்துவ அறிக்கை, இரண்டு திருமணப் பத்திரிகைகள். அந்தச் சம்பளச் சீட்டும் அவற்றுள் இருந்தது. அம்புக்குறியே தேவையில்லை, உறையைத் திறந்தால் போதும். அண்ணா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். குப்பைக்கூடையையும் காலி செய்தார். இப்போது இரவில் ஷட்டரை இறக்குமுன் ஐந்து கணினிகளிலும் அந்த உறையைத் துடைப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள் நாங்கள் போனபோது மணி ஆறு. முதல் கணினியில் அன்றைக்கு வந்த 4 கோப்புகள் மட்டும் இருந்தன.